குத்தகை முடிந்த கரும்பு

ஃபிஜித் தீவில், லம்பாசாவுக்கு மேற்கே, மகாபீரின் கரும்பு அந்த வருஷம் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. வெட்டுக்கு முன்பே குத்தகை முடிந்துவிட்டது. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த அவன் பாட்டன் புதர் வெட்டித் திருத்திய மண்தான். ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மேட்டிலிருந்த ஊரின் ஃபிஜிக் குலத்தார். மறுபடி எழுதித் தரமாட்டோம் என்றார்கள்.

மகாபீர் கலங்கவில்லை. அந்தக் குலத்தில் அவனுக்கு இலாய்தியா இருந்தான். ஒரே ஆற்றில் மீன் பிடித்து வளர்ந்தவர்கள். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு இங்கிருந்து இனிப்பு போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து மண்ணடுப்பில் வெந்த கோழி வரும்.

ஒரு கட்டு கவா வேரைக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனான். தலை குனிந்து பாயில் சம்மணமிட்டான். வேரை இடித்துக் கரைத்தார்கள். கொட்டாங்குச்சி வந்தது, முறைப்படி கைதட்டி வாங்கிக் குடித்தான். தலைவர் வாய் திறக்கவில்லை. அவருக்காகக் குலத்தின் பேச்சாள்தான் பேசவேண்டும். பேச்சாள் இலாய்தியா.

"நீ நம்ம ஆளு, அதுல சந்தேகமே இல்ல," என்றான் பாயைப் பார்த்தபடி. "ஆனா எங்க பசங்க தலையெடுத்துட்டாங்க. அவங்களுக்கு மண்ணு வேணும்."

"எனக்கு வேணாமா?"

கொட்டாங்குச்சி மறுபடி சுற்றி வந்தது. மகாபீர் அதை வாங்காமல் எழுந்தான்.

வீட்டுக்கு வந்தவன் மண்ணெண்ணெய் டின்னோடு நேராகக் கரும்புக்குள் இறங்கினான். மனைவி சுமிந்திரா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். "முதல்ல என் மேல ஊத்துங்க! என்னக் கொளுத்திட்டு அப்புறம் அதக் கொளுத்துங்க!"

அலறல் கேட்டு இலாய்தியா வந்து சேர்ந்தான். மூச்சிரைத்தது.

"கொளுத்துடா மச்சான், நான் தடுக்கல. ஆனா காத்து எங்க ஊர்ப்பக்கம் அடிக்குது. அங்க குழந்தைங்க இருக்கு."

"இந்த வாய் அங்க எங்கடா போச்சு?"

"அங்க அது என் வாய் இல்லடா."

மகாபீர் டின்னை வீசி எறிந்தான். கரும்புக்கு நடுவே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். இலாய்தியா கிட்டே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் வரப்பிலேயே நின்றான்.

நிலத்தைக் காலி செய்து வீட்டைப் பிரித்த அன்று கூரைமேல் ஏறித் தகரத்தின் ஆணிகளைப் பிடுங்கியவனும் இலாய்தியாதான். சுமிந்திரா எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள், அவனுக்குத் தவிர.

தலைநகர் சுவாவின் ஓரத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றில், அதே தகரங்களால் ஒரு குடிசை எழுந்தது. அந்தச் சேறும் வேறொரு குலத்தாருடையது. கவா கட்டு கொடுத்து வாய்ச்சொல்லில் வாங்கிய இடம். போ என்றால் போகவேண்டியதுதான். கரும்பைத் தவிர வேறெதையும் வெட்டியறியாத மகாபீர் ஊரார் வீட்டு முற்றங்களில் புல் வெட்டினான்.

சில வருஷம் கழித்து இலாய்தியா போன் செய்தான்.

"பசங்க ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போயிட்டாங்க மச்சான். உன் வயல்ல புல்லு ஆளை மறைக்குது. பாக்கவே முடியல. வந்து கரும்பு நடேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அதத் தலைவர்தான்..."

கடல் ஏறிக்கொண்டிருந்தது, கதவுக்கடியில் தண்ணீர் நுழைந்தது.

"அரிசி நனையுது, தூக்குங்க!" என்று சுமிந்திரா கத்தினாள். மகாபீர் போனை அணைக்காமலே கட்டிலில் போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கினான்.