ரெண்டு பிள்ளைக்கு ஒரு பிளென்டின்

நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே, ரோட்டு முனையில் ஏறி நின்றால்தான் போனுக்கு சிக்னல் வரும். அம்மா வேல்ஸ் நாட்டில், வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லமொன்றில் வேலைக்குப் போயிருந்தாள். அவளோடு வீடியோவில் பேச, அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னையும் தம்பியையும் அந்த ரோட்டு முனைக்குக் கூட்டிப்போவார்.

அம்மாவின் இல்லத்தில் உள்ள கிழவிகளுக்கு இங்கிலீஷ் மறந்து வெல்ஷ் மட்டும்தான் வாயில் வருமாம். அதனால் அம்மாவும் கற்றுக்கொண்டு எங்களுக்கும் சொல்லித்தருவாள். விசித்திரமான பாஷை! நாம் பலதுக்குத்தானே 'கள்' ஒட்டுகிறோம்? அங்கே சில சொற்களில் ஒற்றைக்குத்தான் வால். 'அடார்' என்றால் பறவைகள், ஒரே பறவை 'அடேரின்'. 'பிளாண்ட்' பிள்ளைகள், ஒரே பிள்ளை 'பிளென்டின்'. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, தம்பி போனை முகத்தோடு ஒட்டிவைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்து என்னவோ கேட்டது. அம்மா சிரித்தபடி, "டை பிளென்டின்" என்றாள்.

பிளென்டின்! ஒரே பிள்ளை! அப்போ நான் யாராம்? அம்மா என்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இனி பேசினால் ஏனென்று கேள் என்று விறுவிறுவென இறங்கி வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் போகவில்லை. அப்பா கெஞ்சினார், திட்டினார். ம்ஹூம்! அதற்கடுத்த வாரம் நானே போனைப் பிடுங்கி, "ஒனக்கு ஒரு புள்ளதானாம்மா?" என்று கத்தினேன்.

விஷயம் புரிந்ததும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி லூசு! டைன்னா ரெண்டு. எண்ணிக்கைய சொல்லிட்டா அப்புறம் ஒருமைதான் வரும். நம்மளும் ரெண்டு புள்ளன்னுதானே சொல்றோம்?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது எனக்கு. அந்தக் கிழவிக்கு எதுவும் நினைவில் நிற்காதாம். தினமும் 'உனக்கு எத்தனை பிள்ளை' என்று இதையே கேட்குமாம், அம்மாவும் தினமும் சொல்வாளாம். அங்கே வேறு யாரும் எங்களைப் பற்றிக் கேட்பதில்லையாம்.

ஐயோ பாவம் அம்மா, ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்லுவாள்! நான் விடவில்லை, வழி சொன்னேன். "பெருசா எழுதி அதோட கட்டில் பக்கத்துல ஒட்டிரும்மா. அப்புறம் கேக்காது."

"வேணாம்டி," என்றாள் அம்மா அவசரமாக. "அது கேக்கட்டும்."

இவ்வளவு நல்ல யோசனையை ஏன் வேண்டாம் என்கிறாள் என்று, இறங்கி வரும் வழியெல்லாம் அப்பாவை நச்சரித்தேன்.