வெறுந்தெருவுக்குப் போட்ட புள்ளி

துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளை என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த குழுவில் நானும் இருந்தேன். லொறிகளைப் பகலில் தடுப்பது, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது, நகரத்துக்கு வெளியே அவை காத்து நிற்க ஒரு தரிப்பிடம் அமைப்பது என்று மூன்று யோசனைகள் மேசையில் கிடந்தன. செலவு, வேகம், தேவை ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் புள்ளி போட்டு வரிசைப்படுத்த வேண்டும். குரல் பெரிதாக உள்ளவருக்கும் புள்ளி விழும். அதற்கு மட்டும் கட்டம் போடுவதில்லை.

எனக்குத் தரிப்பிடம்தான் முதலாவதாக வரவேண்டும். வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கு லொறியால் ஒரு தலையிடியும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையில் அக்காவின் தெருவில்தான் அவை காலையில் வரிசை கட்டி நிற்கும். பகலில் தடுத்தாலும் நேரம் குறித்தாலும் அங்கேதான் காத்து நிற்கும். அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்களும் வியாழனும் டயலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். லொறி வாசலை மறித்தால் ஆட்டோ உள்ளே வராது. பிந்திப் போனால் அவருடைய கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். போன மாதம் அப்படி நடந்து, மனிதர் இரவெல்லாம் மூச்சு முட்டிக் கிடந்தார்.

ஆகவே புள்ளி போடுமுன் தெருவை நேரில் பார்க்க வேண்டும் என்று குழுவோடு மல்லுக்கட்டினேன். ஒருவழியாகச் சம்மதித்தார்கள். வியாழக்கிழமை காலை போனோம்.

தெரு துடைத்து விட்டதுபோலக் கிடந்தது. ஒரு லொறி இல்லை. பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முதலில் வழியைத் துப்புரவாக்குவது எங்கள் நாட்டு மரியாதை. யாரோ முன்கூட்டியே தகவல் கொடுத்து, எல்லாவற்றையும் அப்பால் அனுப்பியிருந்தார்கள். குழுத் தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இங்கே என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். நான் விளக்கினேன். கண்டதைத்தான் எழுதலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமாக அந்நேரம் ஆட்டோ வராமல் வாசலில் நிற்கும் அக்காவையாவது பேச வைக்கலாம் என்று பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் மேலும் கோபம் வந்தது.

மத்தியானமே புள்ளி போட்டு முடித்தார்கள். தேவை என்ற கட்டத்தில் தரிப்பிடத்துக்கு ஒன்றும் விழவில்லை. அது கடைசியாக வந்தது.

பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கதிரையில் சாய்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"இண்டைக்கு நேரத்துக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டம். வாசல்ல ஒரு லொறியும் இல்லை. ஏனெண்டுதான் விளங்கேல்லை."

"எங்கட குழு ஆக்கள் தெருவைப் பாக்க வந்தவை அக்கா. அதுக்காகத்தான் லொறியளை எடுத்தவங்கள்."

தரிப்பிடம் கடைசியாக வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப திங்கக்கிழமையும் அந்த ஆக்களை ஒருக்கா வரச் சொல்லன். ஏழு மணிக்கு முதல்."

அவள் பகிடி விடவில்லை.