எங்களுக்காக வாட்ச்மேன் அண்ணன் படித்த படிப்பு

மலைப்பாதையின் தடுப்புச் சுவர்மேல் எட்டு போன்கள் வரிசையாகக் கிடக்கும். எட்டிலும் ஒரே முகம், ஒரே வாயசைப்பு; ஒன்று பாதிப் பாடம் முடித்திருக்கும்போது கடைசிப் போன் அப்போதுதான் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் போன் சூடாகி அணைந்துபோகும் என்று அவற்றுக்கு ஒரு குடை பிடித்தபடி, தன் தலையில் வெறும் துண்டோடு எங்கள் பள்ளி வாட்ச்மேன் அண்ணன் நிற்பார். சனிக்கிழமைகளில் சாமான் வாங்க போளூருக்கு பஸ்ஸில் மலையிறங்கும்போது ஜன்னல் வழியாகக் கையசைப்பேன். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். வீடியோ ஓடும் நேரத்தில் கலெக்டரே வந்தாலும் அவர் நிமிரமாட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

எங்களுடையது ஜவ்வாது மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. அப்போது அங்கே டவர் கிடையாது. ஆனால் ஆசிரியர் பயிற்சிகள் எல்லாம் போனுக்கு வந்துவிட்டன. மாதாமாதம் வீடியோ பாடம் வரும், அதன் முடிவில் தேர்வு, தேர்ச்சி பெற்றால் சான்றிதழ். வீடியோவை ஓட்டித் தள்ள முடியாது. நாம் உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்க்க நடுநடுவே ஒரு பொத்தான் வரும், அதை அமுக்கினால்தான் மேற்கொண்டு ஓடும். பள்ளியிலிருந்து அரை மணி நேரம் நடந்தால், சமவெளியைப் பார்த்த ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைத்தது. முதலில் நாங்களே நடந்தோம். பிறகு ஒருவருக்குக் கால் வலி, ஒருவருக்குத் துணி துவைக்க வேண்டும், எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு சாக்கு. "வாட்ச்மேன் பகல்ல சும்மாத்தானே இருக்காரு" என்றார் தலைமையாசிரியர். இரவெல்லாம் கண்விழிக்கிற மனிதர் பகலில் சும்மா இருக்கிறாராம்! நாங்களும் ஆமாம் சார் என்று தலையாட்டினோம்.

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. ஆசிரியர்கள் எட்டுப் பேர் போனின் முதுகிலும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பெயரும், பூட்டைத் திறக்கிற கோலமும் வரைந்திருக்கும். துணிப்பையில் எட்டையும் போட்டுக்கொண்டு அவர் காலையில் கிளம்புவார், சாயங்காலம் திரும்புவார். தேர்வை மட்டும் அடுத்த முறை டவர் உள்ள போளூருக்குப் போகும்போது நாங்களே எழுதுவோம். எழுதுவது என்ன எழுதுவது, ஆசிரியர் வாட்ஸப் குழுவில் விடைகள் வந்துவிடும், வரிசையாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். என் சான்றிதழ்க் கோப்பு தடிமனாகிக்கொண்டே வந்தது. இப்போது டவர் வந்துவிட்டது. ஆளாளுக்குத் தன் மேசையில் வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் நோட்டுப் புத்தகம் திருத்துகிறோம். அந்தக் காலத்திலாவது ஒருவர் பார்த்தார்.

ஆமாம், அவர் பார்த்தார். அது எனக்குத் தெரியவே நாளாயிற்று. மலையிலேயே பிறந்தவர், எங்கள் பள்ளியிலேயே ஐந்தாவது வரை படித்தவர், மழை பெய்தால் சரிவில் சாமை விதைப்பவர். எட்டுப் போனையும் ஓடவிட்டு ஏழு போனை ஊமையாக்கிவிட்டு ஒன்றில் மட்டும் சத்தம் வைத்துக் கேட்பாராம். "ஒங்க போன்லதான் டீச்சர் சத்தம் கணீர்னு வருது" என்றார் ஒருநாள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன். இன்னொரு நாள் போனைக் கொடுத்துவிட்டு நின்றார். "ஏன் டீச்சர், புள்ளைங்க தப்பா சொன்னா உடனே தப்புன்னு சொல்லக்கூடாதாமே? இன்னா யோசிச்சி அப்டி சொன்னன்னு கேக்கணுமாமே? நெசமா?" எனக்கு அப்படி ஒரு பாடம் வந்ததே தெரியாது. "ஆமாண்ணே, அப்படித்தான்" என்று தெரிந்தவள் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வருடம் என்னிடம் மூன்றாம் வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு சிறுமி. பலகையில் எழுதிப்போட்டால் முத்து முத்தாக எழுதுவாள். வாயால் கேள்வி கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான். ஒன்று சொன்னால் வேறொன்று செய்வாள். புத்தகத்தை எடு என்றால் எழுந்து நிற்பாள். நான் பொறுமைசாலி இல்லை. என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கத்தினேன். கத்தினால் சில நேரம் சரியாகச் செய்தாள். பார்த்தாயா, திமிர்தான், மிரட்டினால் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவளுடைய அப்பா ஒரு புதன்கிழமை பார்க்க வந்தார். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். "ஏறலைங்க. எத்தனை தடவை சொன்னாலும் ஏறல. இங்க கெடந்து கஷ்டப்படுறதுக்கு வீட்டோட இருந்தா அதுவாவது நிம்மதியா இருக்கும்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அவர் கோபப்படவில்லை, கெஞ்சவில்லை. "நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர். வூட்ல ஆட்டுக்கும் ஆளு இல்ல. திங்கக்கெழம வந்து பொட்டிய எடுத்துக்கினு போறேன்" என்றார். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த மலையில் நம்புகிறவர்கள் இருந்தார்கள். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேன் அண்ணன் என் குடியிருப்பு வாசலில் வந்து நின்றார். இரவு வேலை முடித்துத் தூங்கப் போகாமல் வந்திருந்தார். துண்டைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"அந்தப் பொண்ண அனுப்புறீங்களாமே, டீச்சர்?"

"ஆமாண்ணே. படிப்பு வரல, என்ன செய்யறது?"

"அதுக்கு காதுதானே டீச்சர் கேக்கல?"

நான் அவரையே பார்த்தேன். அவர் மெல்லச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த வீடியோவில் ஒரு அம்மா சொன்னாராம்: காது மந்தமான பிள்ளை மந்தபுத்தி மாதிரி தெரியும், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளும், முகம் தெரியாவிட்டால் தவித்துப்போகும். அதைக் கேட்டதும் இவருக்கு இந்தச் சிறுமி நினைவுக்கு வந்திருக்கிறாள். "கரண்டு போச்சின்னா நான் பேரு சொல்லிக் கூப்ட்டு எண்ணுவேன். எல்லாம் இருக்கறேன்னு சொல்லும். இது மட்டும் சொல்லாது. டார்ச்ச எம் மூஞ்சில அடிச்சிக்கினு கூப்ட்டா ஒடனே சொல்லும். நாலஞ்சி வாட்டி பாத்துட்டேன்."

"ஏண்ணே, இதை ஏன் என்கிட்ட அப்பவே சொல்லல?" என்று எரிந்து விழுந்தேன். என் குற்றத்துக்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அவர் குழம்பிப்போய்விட்டார். "நீங்கதான் அந்தப் பாடத்துல பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கிட்டீங்களே டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்சிதான் எதுனா செஞ்சிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சேன். படிச்சவங்களுக்கு நான் இன்னா சொல்றதுன்னு இருந்துட்டேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. அவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். நாங்கள் தேர்வை எப்படி எழுதினோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. தான் வெறும் பொத்தான் அமுக்குகிறவர், பாடமெல்லாம் ஏதோ ஒரு வழியில் எங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். 

எப்படிச் சோதிப்பது என்பதையும் அவர்தான் சொன்னார். சிறுமி குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் பின்னால் நாலு எட்டுத் தள்ளி நின்றோம். நான் அவள் பெயரைச் சொன்னேன். அசையவில்லை. அவர் வலது பக்கமாகப் போய் இரண்டு கையையும் தட்டினார். அசையவில்லை. இடது பக்கம் வந்து தட்டினார். திரும்பிப் பார்த்து, எங்களைக் கண்டு, வழக்கம்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் இத்தனை மாதம் திமிர் என்று நினைத்திருந்தேன். பாவி நான், அங்கேயே அழுதுவிட்டேன். "அட, அழுவாதீங்க டீச்சர். ஒரு காது கொஞ்சம் கேக்குது பாருங்க. இனிமே மொத வரிசைல அதோட வலது கைப் பக்க ஓரமா உக்கார வையுங்க. அப்பத்தான் நல்ல காது ஒங்க பக்கம் இருக்கும்" என்றார். அதுவும் அந்த வீடியோவில் வந்ததாம்.

திங்கட்கிழமை அவளுடைய அப்பா பெட்டி எடுக்க வந்தார். பெட்டிக்குப் பதிலாக மகளையும் அவரையும் கூட்டிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். பெரிய மருத்துவமனையில் காட்டினோம். சின்ன வயதில் காதில் சீழ் வந்து கவனிக்காமல் விட்டதால் வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது காதுக்கு மருந்தும் காது மிஷினும் கொடுத்தால் படிக்க முடியும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது அந்த அப்பா மகளின் காதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அப்ப இத்தினி நாளா நான் திட்டுனது எதுவும் அதுக்குக் கேக்கலியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்காவது சிரிக்க முடிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிறுமி பள்ளியிலேயே இருந்தாள். மிஷின் வந்தது. அந்த வருட முடிவில் தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று வாசித்தாள், கொஞ்சம் மழலையாக, ஆனால் நிறுத்தாமல். செய்தி எப்படியோ பயிற்சி நடத்தும் அதிகாரிகள் வரை போனது. பயிற்சியால் பயனடைந்த ஆசிரியர் என்று என்னைப் பேசச் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்டார்கள். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாட்ச்மேன் பேரை மட்டும் சொல்லிடாதீங்கம்மா. அவர் ஏன் வீடியோ பார்த்தார்னு கேள்வி வரும். எட்டு பேரும் மாட்டிக்குவோம்." சரி சார் என்றேன். அவர் சொன்னது பயத்தில். நான் சரி என்றது பயத்தில் மட்டும்தானா? இல்லை. அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. புத்தக அலமாரி முன்னால் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்று, "நான் அந்தக் குழந்தையை உற்றுக் கவனித்தேன். பயிற்சியில் கற்றதை நினைவுகூர்ந்தேன்" என்று தெளிவான தமிழில் பேசினேன். பாராட்டுகள் குவிந்தன.

எதை மறந்தேன் பாருங்கள். அந்த வீடியோ அடுத்த மாதப் பாடத்தோடு சேர்ந்து எங்கள் போன்களுக்கே வரும் என்பதை மறந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை தடுப்புச் சுவர்மேல் எட்டு போனிலும் நான் பேசியிருக்கிறேன். குடையைப் பிடித்தபடி அவர் நின்று கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் பையோடு அவர் வருவதைப் பார்த்தேன். சமையலறைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நல்லா பேசுனீங்க டீச்சர். நம்ம ஸ்கூலு அலமாரி தெரிஞ்சிச்சி. வேற யாரு பேசுனாலும் ஒரு வாட்டிதான் பாப்பேன், ஒங்கள்த ரெண்டு வாட்டி பாத்தேன்." போனைக் கொடுத்தவர் போகாமல் நின்றார். "ஆனா ஒன்னு வுட்டுட்டீங்களே."

வந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்கட்டும், நாலு வார்த்தை திட்டட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். "என்னண்ணே?" என்றேன்.

"எந்தப் பக்கம் உக்கார வெக்கணும்னு சொல்லலியே டீச்சர். செங்கம் பக்கம், அந்தாண்ட இந்தாண்ட எத்தினி டீச்சருங்க பாப்பாங்க. முன்னால உக்கார வெச்சா போதும்னு நெனச்சிக்கினு, கேக்காத காது பக்கம் நின்னுக்கினு பாடம் நடத்துனா அந்தப் புள்ளைங்க கதி இன்னா ஆவறது?"

அவ்வளவுதான். அவர் தேடியது தன் பெயரை அல்ல. யாரோ ஊரில், யாரோ ஒரு பிள்ளைக்கு வேண்டிய ஒரு வரியைத் தேடியிருக்கிறார்.

நான் அன்றே அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். வீடியோவில் ஒரு முக்கியமான தகவல் விடுபட்டுவிட்டது, திரும்ப எடுத்து அனுப்பட்டுமா என்றேன். அனுப்புங்கள் என்றார்கள். மறுபடி அலமாரி, மறுபடி அதே சேலை. எந்தக் காது கேட்கிறதோ அது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்க வேண்டும் என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். மிச்சமெல்லாம் முன்பு பேசியபடியே பேசினேன். நான் கவனித்தேன், நான் சோதித்தேன், நான் அழைத்துச் சென்றேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. ஒரு வரி சேர்க்கத் தெரிந்த எனக்கு இன்னொரு வரி சேர்க்கத் தைரியம் வரவில்லை.

அதையும் அவர் பார்த்துவிட்டு வந்தார். "இப்பத்தான் டீச்சர் சரியா இருக்குது" என்றார்.

சரியாக இல்லை அண்ணே. அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, நீங்கள்.