சவ்வும் பசையும்

மலேசியாவின் பாடாங் செராயில் வளர்ந்த தேவகி, கூலிம் ஹைடெக் தொழில் பூங்காவிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சவ்வு தயாரிக்கிறாள். பார்வைக்கு அது வெள்ளைச் சேமியா போன்ற நூல். உள்ளே குழல், சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கலப்பு வாயுவை உள்ளே அனுப்பினால் கரியமில வாயு சுவர் வழியே வெளியேறும். எரியக்கூடிய மீத்தேன் குழல் வழியே மறுமுனைக்குப் போய்விடும். துளை சற்றே பெரிதானாலும் இரண்டும் சேர்ந்து வெளியேறிவிடும். சரியான துளையைக் கொண்டுவர அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

போன மாதம் அதை ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோனாள். கழிவுக் குளத்தில் எழும் வாயுவால் அங்கே இஞ்சின் ஓட்டுகிறார்கள். கரியமில வாயு மிகுதியாகக் கலந்திருப்பதால் அது எப்போதும் இருமித் திணறும்.

சவ்வு நூல்களைக் கட்டாகச் சேர்த்துக் குழாயில் பொருத்தி வால்வைத் திறந்தாள். கருவியில் கரியமில வாயுவின் அளவு அசையவில்லை. உள்ளே போன வாயு அப்படியே வெளியே வந்தது.

“என்னக்கா, துளை பெருசாயிடுச்சா?” என்றாள் கூட வேலை செய்யும் சாஃபியா.

தேவகி வால்வை மூடினாள். இதுவும் சரிவராவிட்டால் இந்த ஆய்வையே நிறுத்திவிடலாம் என்று மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் நூல் கட்டை நீரில் அமிழ்த்தி, சாஃபியா காற்றைத் திறந்துவிட்டாள். தேவகி பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“அக்கா, சீக்கிரம் வாங்க!”

நூல்களில் ஒரு குமிழிகூட இல்லை. பசை போட்டு அடைத்த நுனியில்தான் குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஆலைக்குப் போகும் அவசரத்தில் பசை முழுதாக இறுகுமுன் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

உடனே கணவன் காளிதாசனை அழைத்தாள். “என்னங்க, ஓட்டை நூல்ல இல்ல! பசையிலதான்!”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப நல்லதுதானே?”

“ரொம்ப நல்லதுங்க,” என்றாள். அழுகை வந்துவிட்டது.

புதிதாகப் பசையிட்டு, நன்றாக இறுகவிட்டு, மறுபடி ஆலைக்குப் போனார்கள். இந்த முறை கருவியில் கரியமில வாயு இறங்கிக்கொண்டே வந்தது. இஞ்சினைக் கவனிக்கும் பரஞ்சோதி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“இருமவே இல்ல லா!” என்று கத்தினார். “தங்கச்சி, இத கழட்டிட்டுப் போயிடாதீங்க!”

“இங்கதான் இருக்கும், அண்ணே.”

சாஃபியா மேலாளருக்குச் செய்தி அனுப்பினாள். வேலையைத் தொடரச் சொல்லி உடனே பதில் வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத தேவகி, ஆலை கேண்டீனில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை வேகவேகமாகத் தின்றாள். திரும்பும் வழியில், சாஃபியா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காரில் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.