ஆர்லோவின் முந்நூற்று எழுபத்தைந்து

இருபத்திரண்டு வருஷம் விடாமல் விண்ணப்பம் போட்டதற்குப் பலனாக, ஆர்லோ நெல்ஸ்டெட்டுக்கு மூஸ் மான் சுட அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழுந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் பலருக்கு ஆயுசுக்கும் கிடைக்காத யோகம் இது. பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்கான அந்த மனிதர், சீட்டைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தார். வயது ஐம்பத்தெட்டு. இந்த முறை கோட்டைவிட்டால் அடுத்த சீட்டு வருவதற்குள் கைத்தடி வந்துவிடும்.

மறுநாளே வம்பு ஆரம்பித்தது. எந்தக் காலிபரில் சுடுவது? தீவனக் கடையில் காலைக் காப்பிக்குக் கூடும் ஆண்கள் மதம், அரசியல் பற்றியெல்லாம் வாயைத் திறக்கமாட்டார்கள். தோட்டாவின் அளவு என்று வந்தால் மட்டும் முகம் சிவந்துவிடும். ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் கிணறு தோண்டும் ஹாலிஸ்.

"அரை டன் மிருகம்டா அது. உன் பழைய துப்பாக்கியால சுட்டா கொசு கடிச்சுதுன்னு காதை ஆட்டிட்டுப் போயிடும். முந்நூத்தி எழுபத்தஞ்சு வாங்கு."

"நீ எதுல சுடற?"

"அதைவிடப் பெருசுல."

அதற்குமேல் யார் பேசுவது? ஆர்லோ வாங்கிவிட்டார். பள்ளிக்கூடச் சமையல்காரியான அவர் மனைவி டெல்லா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூஸைச் சுடப் போறியா, ரயில் இன்ஜினைச் சுடப் போறியா?" என்று கேட்டாள். டெல்லாவிடம் இருந்தது ஒரு இருநூற்று எழுபது, சின்னத் தோட்டாத் துப்பாக்கி. ஆர்லோ அதைத் தையல் மிஷின் என்பார். ஆனால் வருஷம் தவறாமல் வீட்டுக்கு எல்க் மான் கறி வந்தது அந்தத் தையல் மிஷினால்தான்.

பயிற்சித் திடலில் புதுத் துப்பாக்கி விட்ட முதல் உதையிலேயே, குறிபார்க்கும் ஸ்கோப் நெற்றியைப் பிறை வடிவில் கிழித்தது. பத்தாவது உதையில் தோள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. கடையில் கேட்டவர்களிடம், "லேசாத் தட்டுது, அவ்வளவுதான்" என்றார். உண்மையில் அவர் விசையை அழுத்தும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். குறிக்காக மாட்டிய காகிதம் ஒரு ஓட்டைகூட இல்லாமல், வாங்கியபடி புத்தம் புதுசாகத் திரும்பி வந்தது. அதை யாருக்கும் தெரியாமல் அடுப்பில் போட்டார்.

வேட்டைப் பருவம் பிறந்து நான்கு சனிக்கிழமைகள் வெறுங்கையோடு போயின. ஐந்தாம் சனிக்கிழமை, குளத்தில் வயிறளவு தண்ணீரில் கொம்பன் மூஸ் ஒன்று நின்று பாசி தின்றுகொண்டிருந்தது. ஆர்லோ துப்பாக்கியைத் தூக்கினார்.

"பொறு," என்று தன் துப்பாக்கியோடு கூட வந்திருந்த டெல்லா கிசுகிசுத்தாள். "தண்ணிக்குள்ள விழுந்தா யாரு இழுக்கறது? உன் ஹாலிஸா?"

அரை மணி நேரம் கழித்து அது ஆடி அசைந்து கரையேறியது. ஆர்லோ குறிபார்த்தார். கண்ணை மூடினார். பல்லைக் கடித்தார். அழுத்தினார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான். வண்டியிலிருந்து இறங்கியபின் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்ற மறந்திருந்தார். ஆனால் வராத உதைக்கு அவர் தோள் பின்வாங்கி, துப்பாக்கிக் குழாய் சேற்றைப் பார்த்துக் குனிந்து, வாயிலிருந்து சின்னதாக ஒரு "ஐயோ"வும் வந்துவிட்டது. மூஸ் காதைத் திருப்பியது.

டெல்லாவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. தன் துப்பாக்கியை நீட்டினாள்.

"டெல்லா, இது வெறும் இருநூத்தி எழுபது."

"நீ சொல்லாத வரைக்கும் மூஸுக்குத் தெரியாது."

வாங்கினார். பல மாதங்களுக்குப் பிறகு கண்ணைத் திறந்தபடி சுட்டார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரே தோட்டா. மூஸ் நாலு அடி நடந்து சாய்ந்தது. ஆர்லோ புல்லில் உட்கார்ந்து அழுதேவிட்டார். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி.

கறியை ஏற்றக் குதிரையோடு வந்த ஹாலிஸ் மூஸைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் சொன்னேன்ல? முந்நூத்தி எழுபத்தஞ்சுக்கு எது நிக்கும்?"

டெல்லா தள்ளி நின்று கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஒரு தலையாட்டலோடு மானம் தப்பித்திருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் காத்துக் கிடைத்த மூஸின் முன்னால் ஆர்லோவுக்குப் பொய் வரவில்லை.

"டெல்லாவோட இருநூத்தி எழுபதுலதான் அடிச்சேன்."

ஹாலிஸ் டெல்லா நின்ற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் நான் அடிச்ச எல்க் இருக்குல்ல. அது எங்க வீட்டுக்காரி துப்பாக்கிடா."

"அப்ப உன்னோட பெரிசு?"

"அது உதைக்குதுடா, ஆர்லோ."