நான் அணுவாக ஓடிய ஞாயிற்றுக்கிழமை

விஞ்ஞானத்துக்கு நான் செய்த தொண்டு ஒன்றே ஒன்றுதான். அரவேணு என்ற மலையூரில், அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு வாசலில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

சித்தி கோயமுத்தூரில் பௌதிகம் படித்து முடித்து, மேற்கொண்டு ஆராய்ச்சிக்குச் சென்னை போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பிச்சி பலசரக்குக் கடைக்காரர். "அது என்ன கருமம்னு எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு அம்மிணி. வெளங்குச்சுன்னா போ. இல்லீன்னா பல்லடத்து மாப்ளைக்கு வெத்தலைபாக்கு மாத்திக்கலாம்" என்றுவிட்டார்.

மின்னூட்டமில்லாத அணுவொன்று மெதுவாக ஒரு வாயுவுக்குள் போகும்போது எப்படி ஆற்றலை இழக்கிறது என்பதுதான் அந்தக் கருமம். சித்தி வாயால் சொல்லிப் பார்த்தாள். அப்பிச்சி கொட்டாவி விட்டார். உடனே தெருப் பிள்ளைகளைப் பிடித்துவந்து வாசலில் ஆங்காங்கே நிறுத்தினாள். அவர்கள் வாயு. நான் அணு.

"இவன்கிட்ட மின்சாரம் ஏதும் இல்லீங்கப்பா. எட்ட நிக்கறவங்கள இழுக்கவும் மாட்டான், தள்ளவும் மாட்டான். மேல மோதுனாத்தான் வேகம் கொறையும்."

நான் சாமர்த்தியசாலி அல்லவா? ஒருவர் மேலும் படாமல் நெளிந்து நெளிந்து அந்தப்புறம் போய், பாராட்டுக்காக நின்றேன்.

"ஒண்ணும் கொறையலியே" என்றார் அப்பிச்சி.

"அணுவுக்குக் கண்ணு இல்லடா, எருமை" என்று குட்டிவிட்டு, சித்தி துண்டால் என் கண்ணைக் கட்டினாள்.

இந்த முறை ஒரு தோளை உரசினேன். வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. ஒரு பொடிசை இடித்தேன். அது உருண்டது, எனக்குச் சற்றே குறைந்தது. அப்புறம் என் எடையே உள்ள பக்கத்து வீட்டுப் பையன் மேல் நேருக்கு நேர் மோதினேன். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வேகம் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போய் அவன் விறகுக் குவியலில் விழுந்த சத்தம் கேட்டது.

"என்னைய மாதிரி கனத்த ஆளு குறுக்க நின்னா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பிச்சியும் வாயுவில் சேர்ந்தார். அவர் தொப்பையில் மோதி, வந்த வழியே எகிறினேன்.

"வேகம் பெருசாக் கொறையலீங்கப்பா, தெசைதான் மாறுச்சு" என்றாள் சித்தி.

"வெளங்கல. இன்னொருக்கா ஓடச் சொல்லு. பசங்க நெருக்கி நின்னா?"

ஓடினேன்.

"வெளங்கல. ஓரமா இடிச்சா?"

பனி இறங்கும்வரை ஓட்டினார். என் நெற்றி பணியாரமாகப் புடைத்துவிட்டது. கடைசியில் அதைத் தடவிப் பார்த்து, "செரி, வெளங்கிப்போச்சு. போய்ட்டு வா அம்மிணி" என்று சொல்லி, கடைப்பக்கம் நடந்தார்.

சித்தி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். எனக்கோ அப்பிச்சியை நினைத்துப் பரிதாபம். வீட்டில் எனக்குத் துணையாக இன்னொரு மக்கு இருக்கிறதே என்று சந்தோஷமும்கூட. ஒரு மக்கு அவ்வளவு கூரான கேள்விகளைக் கேட்காது என்பதோ, விளங்கிவிட்டது என்று சொன்னால் மகளை அனுப்பியாக வேண்டும் என்பதோ அன்றைக்கு என் மண்டைக்கு எட்டவில்லை.