நூலகத்துப் படத்தில் நான் வைத்த குங்குமம்

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, டவுணில் காந்திமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். மகளுக்குப் புத்தகம் எடுக்க எங்கள் ஊர் நூலகத்துக்குள் நுழைந்தால், சுவர் முழுக்க உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்கள்! அன்றுதான் மாட்டியிருந்தார்கள்.

ஒரு படத்தைப் பார்த்ததும் எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. ஆற்றுப் படித்துறையில் ஈரக் கூந்தலோடு சாட்சாத் அம்மன் நிற்கிறாள்! நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. மனசு பொறுக்கவில்லை. பிரசாதக் குங்குமத்தை எடுத்து அந்த நெற்றியில் அழுத்தி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா செஞ்சிய! படத்தைக் கெடுத்துட்டியளே!" என்று நூலகர் ஓடிவந்தார். துடைத்தால் இன்னும் பரவும். "அம்மன்னு நெனச்சிட்டேன்யா" என்றேன்.

"அம்மனா? அது என் வீட்டுக்காரில்லா!" என்றார், படத்தை வரைந்த தபால்காரர். திரும்பினால், படத்திலிருந்த அதே முகம் அவர் பக்கத்தில் நிற்கிறது!

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளிச்சு ஏறையில பொட்டு எங்க இருக்கும்னு இவிய கேக்காவ, மதினி. கட்டுனவள வெறும் நெத்தியோட வரையலாமான்னு நான் தினம் சண்டை போடுதேன். நீங்க வச்சிட்டிய! இனி யாரும் துடைக்கப்பிடாது."

தபால்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். குங்குமம் அப்படியே இருந்தது.

அன்று நான் அம்மனுக்குத்தான் பொட்டு வைத்தேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.